குசினி யன்னல் எந்தப் பக்கம்

— "குசினி யன்னல் எந்தப் பக்கம் வைச்சா உனக்குப் பிடிக்கும்?" இப்பிடித்தானே மச்சான் கேட்டனீங்கள்? போன வருசம் மடுத் திருவிழாவுக்கு, கொட்டில் போட்டு இருக்கேக்க. நான் வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருந்தனான்.

— இப்பிடியேதான் கேட்டனான். ஒரு வரி. அதுக்கு நீ என்ன செய்தனீ, பெற்றிசியா? வெங்காயத்தை வைச்சிட்டு, ஒரு தடியை எடுத்து எங்கட பேசாலை ஊர் முழுக்க மண்ணில கீறினாய். இது வடக்கால வாற வாடைக்காத்து, இது தெற்கால வாற சோளகக்காத்து எண்டு அம்புக்குறி வேற. வடக்கால வைச்சா கடல் உப்பில கம்பி கறள் பிடிக்கும், தெற்கால வைச்சா மண் பறந்து சோத்துக்குள்ள விழும், மேற்கால பின்னேர வெய்யில், கிழக்கால மழை. யோசிச்சுச் சொல்லுறன் எண்டனீ.

— பிழையோ சொன்னனான்?

— பிழை எண்டு ஆர் சொன்னது. கொஞ்சநேரத்தால உன்ர அம்மா வந்து, நீ கீறினதுக்கு மேல பாயை விரிச்சுப் படுத்திட்டா. என்ர குசினி மாமிக்குக் கீழ போறதைப் பாத்துக்கொண்டு இருந்தனான்.

— சரி. அதைத்தான் சொல்ல வந்தனான். உங்கட பிளான் முடிஞ்சுது. விறாந்தை, அறை, மாதா சுரூபம் வைக்கிற தட்டு, எல்லாம் கீறியாச்சு. குசினி யன்னல் மட்டும் மிச்சம்.

— பத்து மாசத்தில ஒரு யன்னல் மிச்சம். ஊர்ச் சனம் என்ன கதைக்குது தெரியுமோ? மேசன் நிறோஜன் எல்லாருக்கும் வீடு கட்டுறான், அவன்ர காணியில கழுதை படுத்திருக்குது எண்டு.

— கழுதைக்கு நல்ல காத்தோட்டமான இடம்.

— பாத்தியோ, திரும்பவும் காத்து. சரி, பிளானைத் தா. யன்னலை நான் கண்ணை மூடிக்கொண்டு எங்கயாவது வைக்கிறன். சாப்பாட்டு நேரம் முடியிறதுக்குள்ள நான் வேலைக்குப் போகவேணும்.

— பொறுங்கோ மச்சான். பிளான் தாறன். அதுக்கு முதல் உங்களால எனக்கு ஒரு உதவி. இதில இருங்கோ. இந்தக் கதிரையில.

— கொம்பியூட்டருக்கு முன்னாலயோ?

— ஓம். கையைத் துடைச்சிட்டு. சீமெந்துக் கையோட கீபோட்டைத் தொட்டா நாளைக்கு அது கல்லாப் போயிடும்.

— உதவி கேக்கிற ஆள் கதைக்கிற கதையைப் பார். இந்தா, துடைச்சாச்சு. என்ன செய்யவேணும்?

— ஒரு வீட்டுக்குள்ள போகவேணும். இந்தக் கட்டையை அமத்துங்கோ, முன்னுக்குப் போவீங்கள். இது திரும்ப. அவ்வளவுதான்.

— ஆர் போறது?

— நீங்கள்தான்.

— குனிஞ்சு பாத்தா என்ர காலைக் காணேல்ல.

— கால் செய்யிறது என்ர வேலை இல்ல. ஆளைச் செய்யிறதுக்கு வேற ஆக்கள். நான் சுவர், கூரை, மரம், மண், வெளிச்சம். ஆள் வாறதுக்கு முதல் அங்க என்னென்ன இருக்கோ, அது என்ர பங்கு.

— அப்ப சும்மா கேக்கிறன். உதைத்தானே நீ மொறட்டுவையில அஞ்சு வருசம் படிச்சதும், கொழும்பில மூண்டு வருசம் செய்ததும்? பேந்தென்னத்துக்கு ஆக்கிடெக்ட் வேலையை விட்டிட்டு வந்து, கேமுக்கு வீடு கட்டுறன் எண்டு நிக்கிறாய்?

— கொழும்புக் கந்தோரில நான் என்ன கீறினனான் தெரியுமோ? ஒரு ஹொட்டலுக்கு டொய்லட். நூற்றிப்பதினாறு டொய்லட், மச்சான். டைல்ஸ் எங்க தொடங்குது, எங்க முடியுது எண்டு. பேந்து அந்த ஹொட்டலே கட்டேல்ல.

— இப்ப இந்த வீட்டில டொய்லட் எங்க இருக்கு?

— இல்ல.

— ஆ, பழி வாங்குறாய்.

— கேமில ஒருதருக்கும் அவசரம் வராது. நடவுங்கோ. நிலையைத் தாண்டி உள்ளுக்கு.

— நிலை ஏன் இவ்வளவு உயரம்? யானை வளக்கிற வீடோ?

— கொம்பியூட்டருக்குள்ள சரியான அளவில வைச்சா ஒடுக்கமாத் தெரியும். அதைப் பழகவே எனக்கு ரெண்டு மாசம் போச்சு. கை தானா ஆறே முக்கால் அடிக்குப் போயிடும். ஐயோ, அங்கால போகாதேங்கோ. அறைக்குப் பின்னால போகாதேங்கோ.

— நான் விழுறன். பெற்றிசியா, நான் எங்கயோ விழுறன். வானம் மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு.

— பின்பக்கம் சுவர் இல்ல. தெரியாத பக்கத்தை நாங்கள் செய்யிறேல்ல. பொறுங்கோ, திரும்ப வாசலில விடுறன்.

— பின்சுவர் இல்லாம வீடோ? அத்திவாரம்?

— முதல் தரம் போட்டனான். சொன்னாச் சிரிப்பீங்கள்.

— சிரிக்கமாட்டன். சொல்லு.

— இந்த வேலை பழகேக்க முதல் செய்த வீட்டுக்கு அத்திவாரமும் செய்தனான், பின்சுவரும் செய்தனான், கூரைக்குள்ள சலாகையும் அடிச்சனான். மூண்டு நாள். மண்ணுக்குக் கீழ இருக்கிறதை ஆர் பாக்கப்போயினம் எண்டு எனக்குப் பழக்கினவை கேட்டினம். சிரிக்கமாட்டன் எண்டனீங்கள்.

— சிரிக்கேல்ல. என்ர வேலையாக்களை நினைச்சன். பூசினா மறையிற கல்லை என்னத்துக்கு நேரா வைக்கவேணும் எண்டு என்னோட ஒவ்வொரு நாளும் நியாயம். நீ என்னட்ட வந்திருக்க வேண்டிய ஆள்.

— என்ன?

— வேலைக்கு. வேலைக்குச் சொன்னனான்.

— வேலை ஒண்டு வேணுமெண்டுதான் நான் இப்ப அவதிப்படுறன். விசயத்தைக் கேளுங்கோ. வேலை தாற வெளிநாட்டுக் கேம் கொம்பனி ஒரு பரீட்சை வைச்சிருக்கு. ஒரு வீடு செய்யவேணும். வீட்டில ஆள் இருக்கக்கூடாது. ஆனா உள்ள வந்து பாக்கிற ஆளுக்கு, இதில ஆர் இருக்கினம் எண்டு விளங்கவேணும். முதல் தரம் அனுப்பினதுக்கு ரெண்டு வரிப் பதில் வந்தது.

— என்னெண்டு?

— அளவெல்லாம் சரி, வெளிச்சம் வடிவு. ஆனா இந்த வீட்டில ஒருதரும் சீவிச்ச மாதிரித் தெரியேல்ல.

— வெளிநாட்டுக்காரன் எண்டாலும் சரியாத்தான் பாத்திருக்கிறான்.

— ரெண்டாம் தரம்தான் கடைசித் தரம். இண்டைக்கு ரெண்டு மணிக்குள்ள அனுப்பவேணும். இப்ப பன்ரண்டே முக்கால். சரிவந்தா இஞ்ச பேசாலையில இருந்தே வேலை செய்யலாம். சரிவராட்டி திங்கக்கிழமை கொழும்பு பஸ். பழைய கந்தோரில என்ர கதிரை இன்னும் சும்மா கிடக்குதாம், அப்பா போன் எடுத்துக் கேட்டிட்டார்.

— திரும்பவும் டொய்லட்டோ?

— இந்தமுறை ஆஸ்பத்திரி டொய்லட்.

— திங்கக்கிழமையோ?

— திங்கக்கிழமை.

— சரி தள்ளி இரு. உந்தச் சனியனை எப்பிடி நடக்கவைக்கிறது? இந்தக் கட்டைதானே? கரண்ட் போகாமல் இருக்க மடுமாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேந்துகொள். கரண்ட் போனா உன்ர ஊரே போயிடும்.

— நேந்தாச்சு. ரெண்டு நேந்தனான். நீங்கள் ஒருநாளும் கேம் விளையாடாத ஆள். அதுதான் உங்களைக் கூப்பிட்டனான். உங்களுக்குத்தான் எது பொய் எண்டு தெரியும்.

— பொய் நிறையத் தெரியுது. முதல் இந்தச் சுவர். இவ்வளவு நேரா ஒரு சுவர் நான் கட்டினதிலயும் இல்ல, வேற மேசன்மார் கட்டினதிலயும் இல்ல. சுவிச்சைச் சுத்திக் கறுப்பு இல்ல. இருட்டுக்குள்ள தடவின கை ஒண்டும் இந்த வீட்டில இல்லையோ?

— பொறுங்கோ. இந்தா, கறுப்பு.

— அவ்வளவு இல்ல, இது கரி அள்ளின கை. ஓம், இப்ப சரி. போன வருசக் கலண்டர் அடிச்ச ஆணி எங்க? புதுக் கலண்டரை ஒருதரும் பழைய ஆணியில கொழுவமாட்டினம், பக்கத்தில இன்னொண்டு அடிப்பினம். ஒவ்வொரு வருசமும் ஒரு ஆணி. பேந்து வந்து என்னட்ட, சுவர் வெடிக்குது நிறோஜன் எண்டுவினம்.

— ஆணி நாலு. காணுமோ?

— காணும். சாந்து அள்ளிப் பூசுற இந்தச் சாந்தகப்பை என்னத்துக்கு வாசலில? ஆ. மேசன் வீடோ?

— ஓம். மேசன் வீடு.

— மீன்பிடிகாரன் வீடு செய்திருக்கலாமே. பேசாலையில முக்கால்வாசிப்பேர் கடலுக்குப் போறவை. அதென்ன மேசன்?

— எனக்கு ஒரு மேசனை நல்லாத் தெரியும். அதால லேசு.

— நல்லாத் தெரியாது. தெரிஞ்சா சாந்தகப்பையை இப்பிடிக் கழுவாமல் வைச்சிருக்கமாட்டாய். நான் என்ர முகத்தைக் கழுவ மறந்தாலும் அதைக் கழுவாமல் வைக்கமாட்டன். பேந்து, உந்த உள்சுவரைப் பார், பூச்சு முடிஞ்சிருக்கு. மேசன்ர சொந்த வீட்டில பூச்சு முடிஞ்சதை ஆரும் கண்டிருக்கினமோ? ஒரு சுவராவது கல்லோட நிக்கவேணும். அடுத்த கிழமை பூசுறன், அடுத்த கிழமை பூசுறன் எண்டு பிள்ளையள் கலியாணம் கட்டுற வரைக்கும் நிக்கும்.

— இந்தச் சுவரோ?

— ஓம். அட, ஒரு நிமிசத்தில பூச்சை உரிச்சுப்போட்டாய். என்ர ஆக்களுக்கு உது ரெண்டு நாள் வேலை, மூண்டு தரம் தேத்தண்ணி.

— கல்லுக்கு இடையில சாந்து பிதுங்கி நிக்கவேணுமோ, வழிச்சு விடவோ?

— சொந்த வீடு எண்டா பிதுங்கித்தான் நிக்கும். நீ கெட்டிக்காரி, கேக்கிற கேள்வியிலயே தெரியுது. பொறு. நான் விறாந்தையில நிண்டு இடப்பக்கம் திரும்பினா அறை. நேர போனா குசினி. இந்த மூலையில சுரூபம் வைக்கிற தட்டு. பெற்றிசியா.

— என்ன?

— இது என்ர வீடு.

— ஓம்.

— என்ர காணியில கழுதை படுத்திருக்குது. நீ இஞ்ச எனக்கு ஓடும் போட்டு, கலண்டரும் கொழுவிப்போட்டாய்.

— நேரம் இருக்கேல்ல மச்சான். மேசையில விரிச்சபடி கிடந்த பிளான் அதுதான். ஆக்கிடெக்ட் புத்தி போகுதில்ல, பிளான் இல்லாமல் என்னால ஒரு நாய்க்கூடும் செய்ய ஏலாது.

— பத்து மாசமா விரிச்சபடி கிடந்ததோ?

— நடவுங்கோ, நேரம் போகுது.

— நடக்கிறன். திரும்ப வெளிய வந்து வாசலைப் பாக்கிறன். ரெண்டு சோடி செருப்பு. ஒண்டு ஆம்பிளைச் செருப்பு, ஒண்டு பொம்பிளைச் செருப்பு. நாலும் நூல் பிடிச்சு வைச்ச மாதிரிக் கிடக்கு. இது பிழை.

— செருப்பு வைச்சதும் பிழையோ?

— வைச்ச விதம் பிழை. வந்த ஆள்தான் செருப்பைச் சோடியா, ஓரமா, நேரா வைப்பான். வீட்டுக்காரன் வைப்பானோ? அவன் களைச்சு வந்து காலை உதறினா ஒண்டு அங்க போகும், ஒண்டு கவிண்டு கிடக்கும். இப்ப இந்த வீட்டைப் பாத்தா ரெண்டு பேரும் விசிட்டுக்கு வந்தவை, வீட்டுக்காரர் வெளிய போயிட்டினம்.

— எங்கட அம்மா செருப்புக் கவிண்டு கிடக்க விடமாட்டா. கவிண்டு கிடந்தா வீட்டில சண்டை வரும் எண்டு, வாசல் கூட்டேக்க எல்லாத்தையும் நேராக்கிப்போடுவா.

— சண்டை வாற வீட்டிலதானே ஆக்கள் இருக்கினம்.

— அதுவும் சரிதான். இந்தா, ஆம்பிளைச் செருப்பைக் கவிட்டாச்சு. ஒண்டு சொல்லட்டோ மச்சான், எங்கட வாசலில உங்கட செருப்பும் இப்ப சோடியா, ஓரமா, நேராத்தான் கிடக்கு.

— நான் வந்த ஆள்தானே.

— ஓம். வந்த ஆள்தான்.

— மற்றச் சோடி ஆற்ற?

— மேசன்ர மனுசியின்ர.

— என்ன பேர்?

— பேர் தேவையில்ல. பரீட்சையில பேர் கேக்கேல்ல.

— சும்மா கேக்கிறன். ஏனெண்டா வீடு எனக்கெண்டா மனுசியும் எனக்குத்தானே. ஆர் எண்டு தெரிஞ்சு வைச்சிருந்தா நல்லம்.

— அதை நீங்கள்தான் சொல்லவேணும். வங்காலையில பொம்பிளை பாத்திருக்காம் எண்டு அம்மா சொன்னா.

— பாத்தது எங்கட அம்மா. நான் படம் மட்டும்தான் கண்டனான். ஞாயிறு பூசைக்குப் பிறகு அவையள் வருகினமாம், காணியையும் பிளானையும் பாக்க. அதுக்குத்தான் இண்டைக்குப் பிளான் கேட்டு வந்தனான்.

— சீதனமா வீடு குடுக்கிறது பொம்பிளைப் பக்கம்தானே. அவையள் ஏன் உங்கட பிளானைப் பாக்கிறதுக்கு?

— அவையளிட்டயும் வீடு இருக்கு, மாபிள் போட்ட வீடு. நான் என்ர கையால கட்டின வீட்டிலதான் இருப்பன் எண்டனான். அதுதான் அந்த வீடு எப்பிடி இருக்கும் எண்டு பாக்க வருகினம்.

— ஓ.

— ஓ எண்டா?

— ஓ எண்டா சரி. நல்லதாப் போச்சு, எனக்கு வேலை லேசு. வங்காலைப் பிள்ளையை வைச்சு மிச்சத்தைச் செய்யிறன். சொல்லுங்கோ, அவ என்ன செய்யிறா? ரீச்சரோ?

— எண்டுதான் நினைக்கிறன்.

— நினைக்கிறீங்களோ? என்ன நிறம் பிடிக்கும்? தைப்பாவோ? பூக்கண்டு வைக்கிற ஆளோ? தேத்தண்ணியோ, கோப்பியோ?

— படத்தில கோப்பை ஒண்டும் பிடிச்சுக்கொண்டு இருக்கேல்ல, பெற்றிசியா.

— அப்ப குசினியில நான் என்னத்தை வைக்கிறது? இந்தா, ஒரு தையல் மெசின் வைக்கிறன். ஒரு பூச்சாடி வைக்கிறன். ரீச்சர் எண்டா திருத்துறதுக்குப் பிள்ளையளின்ர கொஞ்சக் கொப்பியள். உள்ள போய்ப் பாருங்கோ. எப்பிடி இருக்கு?

— சாமான் விக்கிற கடை மாதிரி இருக்கு.

— மச்சான், பகிடி விடாதேங்கோ. ஒண்டரையாகுது.

— பகிடி இல்ல. நான் இப்ப வாசலில இருந்து வாறன். செருப்பு, சாந்தகப்பை, பூசாத சுவர், ஆணி. மேசன் இருக்கிறான், எனக்குத் தெரியுது. அவன் இப்ப எங்கயோ சாப்பாட்டு நேரத்தில மினக்கெட்டுக்கொண்டு இருக்கிறான். குசினிக்குள்ள வாறன். இஞ்ச ஒருதரும் இல்ல. அந்தப் பிள்ளை இன்னும் இந்த வீட்டுக்கு வரேல்ல.

— கொம்பனிக்காரர் எழுதினதும் அதுதான். ஒருதரும் சீவிச்ச மாதிரித் தெரியேல்ல.

— அரைவாசி வீட்டில ஆள் வந்திட்டுது. மற்ற அரைவாசிக்கு நீ தெரியாத ஆளைக் கொண்டுவந்து இருத்தப் பாக்கிறாய். என்னை நல்லாத் தெரியும் எண்டு மேசனை வைச்சனீ. அது சரிவந்தது. உனக்கு நல்லாத் தெரிஞ்ச பொம்பிளையள் ஒருதரும் இல்லையோ?

— பொறுங்கோ.

— என்ன, தையல் மெசினைத் தூக்கிப்போட்டாய்?

— பொறுங்கோ எண்டனான். கொஞ்சநேரம் ஒண்டும் கதையாதேங்கோ.

— கதையாமல் இருக்க எனக்கு ஏலாது எண்டு ஊருக்கே தெரியும். பாக்கிறதைச் சொல்லிக்கொண்டு இருக்கிறன், நீ உன்ர வேலையைச் செய். குசினிக்குள்ள ஒரு மேசை வருது. சாப்பாட்டு மேசை இல்ல, எழுதிற மேசை. குசினிக்குள்ள ஆர் எழுதிற மேசை போடுறது?

— சோறு வேகிற நேரம் சும்மா நிக்கப் பிடிக்காத ஆள்.

— சரி. மேசைக்குக் கீழ ஒரு சாக்கு.

— சீமெந்துத் தரை காலுக்குக் குளிரும்.

— மேசைக்கு மேல கொம்பியூட்டர். பக்கத்தில ஒரு கிளாஸ். அதில தேத்தண்ணி. அரைவாசிதான் இருக்கு. ஆடை பிடிச்சுப்போட்டுது.

— குடிக்க மறந்தாச்சு.

— பேசாலையில அரைவாசித் தேத்தண்ணியை வீடு முழுக்க வைச்சுக்கொண்டு திரியிற ஆள் ஒராள்தான் எனக்குத் தெரியும். உன்ர முழங்கைக்குப் பக்கத்தில இப்பவும் ஒண்டு இருக்கு. ஈ விழுந்து கிடக்கு.

— பொறுங்கோ எல்லோ.

— சுவரில பென்சில் கோடு. கணக்கோ?

— அளவு. கடதாசி கைக்கு எட்டாட்டிச் சுவரில எழுதிற ஆள்.

— மேசன் விடுவானோ?

— சண்டை பிடிப்பார். எண்டாலும் அவ எழுதட்டும் எண்டுதான் அந்தச் சுவரைப் பூசாமல் வைச்சிருக்கிறார்.

— அட. சரி. அரிசி வாளிக்குப் பின்னால என்ன ஒளிக்கிறாய்?

— ஒரு கொப்பி.

— என்ன எழுதியிருக்கு?

— அது மூடித்தான் கிடக்கும்.

— பத்து மாசமா அதில யன்னலைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ? சும்மா கேக்கிறன்.

— ரெண்டு மணிக்கு இன்னும் பதினெட்டு நிமிசம் இருக்கு மச்சான்.

— சரி சரி. இப்ப வாசலுக்கு வாறாய். பொம்பிளைச் செருப்பை மாத்துறாய். வார் அறுந்த செருப்பு. அறுந்த இடத்தில ஊக்குக் குத்தியிருக்கு.

— புதுசு வாங்க நேரம் கிடைக்கேல்ல.

— பெற்றிசியா, உன்ர காலைப் பார்.

— பாக்கவேண்டாம். எனக்குத் தெரியும்.

— நான் பாத்திட்டன். வலது கால், ஊக்கு.

— திரும்ப உள்ள போங்கோ. வாசலில இருந்து நடந்து குசினிக்கு. இப்ப எப்பிடி இருக்கு?

— இப்ப.

— சொல்லுங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ. என்ர மனம் நோகும் எண்டு பாக்காதேங்கோ.

— இருட்டா இருக்கு. மேசை தெரியுது, ஆனா அதில இருக்கிற ஆளுக்கு முகத்துக்கு முன்னால சுவர். இருட்டுக்குள்ள சுவரைப் பாத்துக்கொண்டு இருந்து அவ என்ன செய்வா?

— ஓம். யன்னல் இல்ல. பிளானில இல்லாததால இஞ்சயும் வைக்கேல்ல. பொறுங்கோ.

— எந்தப் பக்கம் வெட்டுறாய்? உது வடக்கு. உது கடல் பக்கம்.

— ஓம்.

— வாடைக்கு உப்புத் தூவானம் வரும். கம்பி கறள் பிடிக்கும். நான் சொல்லேல்ல, மொறட்டுவையில படிச்ச ஆள் ஒராள் மடுவில வைச்சு மண்ணில கீறிக் காட்டினவ.

— கறள் பிடிக்கட்டும். இந்தா, கம்பியில கறளும் வைச்சிட்டன். வழிஞ்சு சுவரில இறங்கின கறள்.

— வெளிச்சம் வந்திட்டுது. பென்சில் கோடெல்லாம் தெரியுது. யன்னலுக்கு வெளிய என்ன, கடலோ?

— கடல்தான். அந்தப் பக்கம் ஆர் வந்தாலும் மேசையில இருந்தே தெரியும். மேசன் வேலை முடிஞ்சு கடற்கரையால நடந்து வாறதும் தெரியும்.

— இப்ப ஆள் இருக்கு, பெற்றிசியா.

— உண்மையாவோ?

— உண்மையா. ரெண்டு பேரும் இருக்கினம். ஒராள் கொஞ்சம் முதல்தான் எழும்பிப் போயிருக்கு, தேத்தண்ணியை மறந்துபோட்டு. நீ அனுப்பு. எத்தினை நிமிசம்?

— ஆறு. போகுது. போய்க்கொண்டு இருக்கு. நெற் இழுக்குது. மாதாவே, இந்தமுறை மட்டும். போயிட்டுது.

— போயிட்டுதோ?

— போயிட்டுது. இனி அவையள் பாடு. மூண்டு நாளில பதில் சொல்லுவினம்.

— திங்கக்கிழமைக்கு முதல் சொன்னா நல்லம். சரி, நான் வாறன். என்ர ஆக்கள் இப்ப சாந்தைக் குழைச்சு வைச்சிட்டு நித்திரையாப் போயிருப்பாங்கள். பிளானைத் தா.

— பொறுங்கோ. ஒரு கோடு மிச்சம். பென்சில் எங்க போச்சு.

— உன்ர காதில.

— ஓம். இந்தா, போட்டாச்சு. பிடியுங்கோ. குசினியைப் பாருங்கோ.

— வடக்கு. கேமுக்கு வைச்ச மாதிரியே வைச்சிருக்கிறாய். வங்காலை ஆக்கள் வந்து கறள் பிடிக்கும் எண்டு சொல்லப்போகினம்.

— அவையளுக்குக் கீறேல்ல. மச்சான், நான் ஒரு பிழை விட்டிட்டன். மடுவில நீங்கள் கேட்டது காத்தைப் பற்றி இல்ல. நான் ஒரு விசரி, வீடு எண்டு கேட்டா வீட்டைப் பற்றித்தான் கேக்கினம் எண்டு நினைக்கிற ஆள். அந்த மேசையை வைச்சிட்டு அதில ஆரை இருத்துறது எண்டு தேடேக்கதான் விளங்கினது. அந்த வேலை சரிவந்தா, கரண்டும் நெற்றும் இருக்கிற எந்தக் குசினியில இருந்தும் நான் செய்யலாம். சரிவராட்டி கொழும்பில கொஞ்சநாள் டொய்லட் கீறிப்போட்டுத் திரும்ப வருவன். ரெண்டில எதெண்டாலும் பதில் இதுதான். எனக்கு வடக்குப் பக்கம்தான் பிடிக்கும்.

— …

— பத்து மாசம் பிந்தீட்டுது எண்டு தெரியும். ஞாயிறு ஆக்கள் வருகினம் எண்டும் தெரியும். பிந்தீட்டுது எண்டா பிந்தீட்டுது எண்டு சொல்லுங்கோ. பகிடி விட்டாலும் பரவாயில்ல.

— …

— கதையாமல் இருக்க ஏலாது எண்டு ஊருக்கே தெரிஞ்ச ஆள். மச்சான்? என்ன எழும்பீட்டீங்கள்? பிளானை அப்பிடி இறுக்கிச் சுருட்டாதேங்கோ, பென்சில் கோடு அழிஞ்சுபோம்.

— …

— மச்சான், வெறுங்காலோட இறங்குறீங்கள். ரெண்டு மணி வெய்யில், மணல் கொதிக்குது. செருப்பு இஞ்ச கிடக்கு. நிறோஜன் மச்சான், செருப்பு. எடுக்கத்தானே திரும்பி வாறீங்கள்? என்னத்துக்கு ஒண்டைக் காலால தட்டிக் கவிட்டுப்போட்டுப் போறீங்கள்?

— …

— அம்மா, வாசல் கூட்டேக்க மச்சான்ர செருப்பை நேராக்கிப்போடாதேங்கோ. கவிண்டபடி கிடக்கட்டும். சண்டை வந்தா வரட்டும்.